முதற் கட்டுரை தந்த பாடம் – டாக்டர் தாஹா ஹுசைன்

அறிவு தேடி நாடு கடந்து செல்லுதல் முஸ்லிம் அறிஞர்களின் நெடிய மரபாகும். நபிமொழிகளைத் திரட்டும் பொருட்டு இமாம் புகாரி அவர்கள் ஊர் பல கடந்து சென்றதை அனைவரும் அறிவர். அத்தகைய பயணங்களைப் பேசுங்கால், பெற்ற பட்டங்களையும் எய்திய புகழையுமே நாம் எண்ணிப் பார்க்கின்றோம். அயல்நாட்டில், அயல்மொழியில் தன் முதற் கட்டுரையை எழுதப் புகுந்த மாணவன் உற்ற இடர்ப்பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. அரபு இலக்கிய உலகின் தலைமகனெனப் போற்றப்படும் எகிப்திய அறிஞர் டாக்டர் தாஹா ஹுசைன் அவர்களின் வாழ்வில் அந்த முதற் கட்டுரையே ஒரு திருப்புமுனையாக அமைந்தது.

இருளில் ஓர் இளமை

மேல் எகிப்தின் மின்யா மாநிலத்தில், மகாகா என்னும் ஊருக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றில் 1889ஆம் ஆண்டு தாஹா ஹுசைன் பிறந்தார். பதின்மூன்று மக்களுள் அவர் ஏழாமவர். குழந்தைப் பருவத்தில் கண்ணோய் கண்டது. கிராமத்து நாவிதர் செய்த மருத்துவம் நோயைத் தீர்க்கவில்லை, பார்வையைப் போக்கிற்று. அன்று முதல் செவியே அவருக்குக் கண்ணாயிற்று. ஊர்ப் பள்ளியில் ஓதக் கேட்டே, பத்து வயது நிரம்பும் முன்னர்த் திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தார்.

1902இல் கெய்ரோ சென்று அல் அஸ்ஹரில் சேர்ந்தார். அங்கு நிலவிய பயிற்றுமுறை, மூலநூலும் அதன் உரையும் உரைக்கு விளக்கமுமாகப் பாடங் கேட்டு உளங்கொள்ளும் முறையாகும். 1908இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவரானார். தம்மைப் போன்றே விழியிழந்த பெருங்கவிஞர் அபுல் அலா அல் மஅர்ரீயை ஆராய்ந்து 1914இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அதுவே.

கடல் கடந்த கல்வி

பிரான்சு சென்று பயில வேண்டுமென்னும் அவருடைய விண்ணப்பம் எளிதில் ஏற்கப்படவில்லை. பார்வையற்றவர் அயல்நாட்டில் எங்ஙனம் பயில்வார் என்ற ஐயம் குறுக்கே நின்றது. டாக்டர் பட்டம் அத்தடையை நீக்கியது. 1914ஆம் ஆண்டின் இறுதியில், உலகப்போர் மூண்டிருந்த வேளையில், தென் பிரான்சின் மோன்பெல்லியே நகரை அடைந்தார். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்தின் பொருள் நெருக்கடியால் திருப்பியழைக்கப்பட்டார். சில திங்கள் கழித்து மீண்டும் பயணப்பட்டுப் பாரிஸ் சேர்ந்து, சோர்போன் பல்கலைக்கழகத்தில் பயிலத் தொடங்கினார்.

பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தையும் அவர் முயன்று பார்த்தார். செவியால் கற்றே பழகியவருக்கு விரல்வழிக் கல்வி கைவரவில்லை. மோன்பெல்லியேயில் அறிமுகமான சூசான் என்னும் பிரெஞ்சு நங்கை நூல்களை வாசித்துக் காட்டலானார். அந்தக் குரலே அவருடைய நூலகமாயிற்று.

தகுதியற்ற கட்டுரை

சோர்போனில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் மாணவர்களைக் கட்டுரை எழுதிவரப் பணித்தார். தாஹா ஹுசைனும் எழுதி அளித்தார். தாய்நாட்டில் டாக்டர் எனப் பாராட்டப்பெற்றவர். இதழ்களில் எழுதிப் பெயர் பெற்றவர். எனினும் அவருடைய கட்டுரை மேலோட்டமானது, விமரிசனம் செய்யப்படுவதற்கும் தகுதியற்றது என்பதே பேராசிரியரின் தீர்ப்பாயிற்று. பிழைகளைச் சுட்டியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். சுட்டுவதற்கே தகுதியில்லை எனின் யாது செய்வது? தன்வரலாறாகிய 'அல் அய்யாம்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இந்நிகழ்ச்சியை அவர் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

மனம் புண்பட்டது மெய்யே. ஆயின் அவர் பேராசிரியர்மீது குறை கூறவில்லை. தம் பார்வையின்மையைக் காரணங்காட்டி இரக்கம் வேண்டவுமில்லை. குறை எங்குள்ளது என ஆராய்ந்தார். உடன் பயிலும் பிரெஞ்சு மாணவர்கள் வரலாறு, புவியியல், தத்துவம் ஆகியவற்றை உயர்நிலைப் பள்ளியிலேயே முறையாகக் கற்று வந்தவர்கள். சோர்போன் விரிவுரைகள் அந்த அடித்தளத்தின்மீது எழுப்பப்பட்டவை. தமக்கோ அந்த அடித்தளம் இல்லை என்பதை உணர்ந்தார்.

உணர்ந்ததும் அவர் செய்த செயலே போற்றற்குரியது. பள்ளிச் சிறுவர் படிக்கும் பாடநூல்களைத் தருவித்தார். டாக்டர் பட்டம் பெற்ற இருபத்தாறு வயது இளைஞர், பகலில் பல்கலைக்கழக மாணவராகவும் வீட்டில் பள்ளி மாணவராகவும் வாழ்ந்தார். சூசான் வாசிக்க வாசிக்கக் கேட்டு உளங்கொண்டார். பட்டத் தேர்வுக்கு இன்றியமையாத இலத்தீன் மொழியையும் தொடக்கத்திலிருந்து கற்றார். மனனம் செய்யப் பழகிய உள்ளம், சான்றுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, தன் முடிவைத் தானே நிறுவும் முறையைச் சிறுகச் சிறுகப் பயின்றது.

உழைப்பின் பயன்

1917இல் சோர்போனின் இலக்கியப் பட்டத்தேர்வில் வெற்றி பெற்றார். அவ்வாண்டிலேயே சூசானை மணந்துகொண்டார். டாக்டர் பட்டத்திற்கு அவர் தேர்ந்த பொருள் இப்னு கல்தூனின் சமுதாயத் தத்துவம். துனிசில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த அப்பேரறிஞர், அல் அஸ்ஹரிலும் பாடம் நடத்தியவர். தம் மரபின் செல்வத்தைப் புதிய ஆய்வுமுறையால் அளந்து காட்ட முனைந்தார் தாஹா ஹுசைன். சமூகவியலின் முன்னோடிகளுள் ஒருவரான எமில் துர்க்கைம் வழிகாட்டினார். அவர் 1917இல் மறைந்தபின் செலஸ்தேன் பூக்லே அப்பொறுப்பை ஏற்றார். 1918இல் ஆய்வேடு ஏற்கப்பெற்றது. விமரிசனத்திற்கும் தகாத கட்டுரையை எழுதியவர் சில ஆண்டுகளுக்குள் அதே சோர்போனின் டாக்டரானார்.

1919இல் தாயகம் திரும்பி, கிரேக்க ரோமானிய வரலாற்றுப் பேராசிரியரானார். 1925 முதல் அரபு இலக்கியம் பயிற்றினார். இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபுக் கவிதை குறித்து 1926இல் அவர் வெளியிட்ட நூல் கடும் எதிர்ப்பை எழுப்பியது. வழக்கு விசாரணை வரை சென்று, 1927இல் முடிவுற்றது. அவர்தம் முடிவுகளோடு மாறுபட்ட சான்றோர் பலர். எனினும் அவருடைய உழைப்பை மறுத்தவர் இலர்.

1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். நீரும் காற்றும் போலக் கல்வியும் அனைவருக்கும் உரியது என்னும் கொள்கையுடையவர், இடைநிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கச் செய்தார். அடித்தளக் கல்வி வாய்க்காதவன் உயர்கல்விக் கூடத்தில் படும் அல்லலைத் தாமே பட்டறிந்தவர் அவர். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் கெய்ரோவில் காலமானார்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் வேற்று மொழியும் வேற்று முறையும் வழங்கும் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லக்கூடும். உங்கள் முதற் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வரலாம். ஆசிரியர் ஒருதலையானவர் என்றோ, நமக்கு இது எட்டாது என்றோ முடிவு கட்டுதல் எளிது. எது தெரியவில்லையோ அதன் முதற்படிக்கு நாணாது இறங்கிச் செல்லுதலே அரிது. பட்டம் பெற்றபின் பள்ளிப் பாடநூலை விரும்பித் தேடிய அம்மேதையின் வாழ்வு, இறங்கத் துணிந்தவரே ஏற வல்லவர் என்னும் உண்மையை நமக்கு உணர்த்துகின்றது.