ராபர்ட் வைட்டும் ஆர்க்கிட் கொடிகளும்

வனிலா ஐஸ்கிரீமைச் சுவைக்காத மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. ஆனால் அந்த மணத்தை உலகுக்குத் தந்தது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய் என்பதைப் பலர் அறியார். (இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை மணம், அது வேறு கதை.) வள்ளூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அக்கொடி ஒன்றை வளர்த்து வருகிறேன். தேங்காய் நாரும் கரித்துண்டும் உடைந்த செங்கல்லும் நிரப்பிய தொட்டி, பற்றி ஏற ஒரு கம்பம், மேலே நிழல் வலை, இவை போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஏறிவிடும். தண்ணீர்தான் தொல்லை. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடலுப்பு கலந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. உப்பு நீரை இதன் வேர் தாங்காது. ஆகவே மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துத் தெளிக்கிறேன். வனிலாவின் மலர் காலையில் விரிந்து அன்று பிற்பகலுக்குள் வாடிவிடும்.

இந்த அரைநாள் மலரைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோதுதான் ராபர்ட் வைட் என்னும் தாவரவியலாரின் வாழ்க்கை என்னைப் பிடித்துக்கொண்டது.

வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பட்டாளத்துக்கு மருந்து கொடுப்பது உத்தியோகம். செடி சேர்ப்பது உயிர். 1826இல் சென்னையில் அரசின் இயற்கை ஆராய்ச்சியாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1828இல், கவர்னர் லஷிங்டன் அப்பதவியையே ஒழித்துவிட்டார். வைட் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். வேறொருவராயின் சோர்ந்து போயிருப்பார். இவரோ அங்கும் செடிகளைத் திரட்டினார். 1831இல் விடுப்பில் தாயகம் சென்றபோது அவர் கொண்டு சென்ற உலர்ந்த செடிகள் ஏறத்தாழ ஒரு லட்சம். எடை இரண்டு டன்!

ஆனால் ஆர்க்கிடுக்கு உலர்ந்த மாதிரி போதாது. தாளிடையே அழுத்திக் காய வைத்தால் அதன் மலர் வண்ணம் இழந்து, வடிவம் குலைந்து, சருகாகிவிடும். உதடு போன்ற இதழின் வளைவும் நடுத்தூணின் அமைப்பும் தெரியாமல் எந்த இனம் என்று சொல்வது கடினம். மலர் வாடுமுன் அதைக் கண்டு கோடாக்கும் ஒரு கை வேண்டும். வைட்டுக்கு அப்படி இரு கைகள் கிடைத்தன. முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இருவரும் நம் நாட்டு ஓவியர்கள். அவர்கள் தீட்டிய படங்களைக் கல்லச்சில் ஏற்றும் கலையை வைட் தாமே கற்றுக்கொண்டார். சென்னையிலேயே அச்சிட்டு, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நூல்தான் 'ஐகோன்ஸ்'. அதில் உள்ள படங்கள் 2,101. சீமையில் அச்சிட்ட பகட்டான வண்ண நூல்களோடு ஒப்பிட்டால் இவை எளியவை, நிறமற்றவை. எனினும் செடியை அறிய விரும்புவோர்க்கு இவையே பயன்படும் என்பது என் கருத்து.

அந்நூலில் 1845இல் வெளியான ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் தென்மாவட்டங்களின் வறண்ட முட்காடுகளிலும் இலங்கையிலும் படரும், இலையே இல்லாத வனிலாக் கொடி அது. பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. இலங்கையில் ஆர்க்கிடுகளைத் தேடித் திரட்டிய திருமதி வாக்கரின் பெயரால் அதற்கு வனிலா வாக்கரியே எனப் பெயரிட்டார் வைட். பின்னாளில் வைட்டின் பெயரையே இன்னொரு வனிலா தாங்கியது. இக்காட்டுக் கொடிகளைப் பிடுங்கி வந்து வீட்டில் வளர்க்க ஆசைப்படலாகாது; நர்சரியில் வாங்கும் சாதாரண வனிலாவே நமக்குப் போதும்.

வைட்டுக்குக் கம்பெனி கொடுத்த பெரிய வேலை பருத்தி. 1842 முதல் கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கும் பொறுப்பை ஏற்றார். லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வேண்டியிருந்தது. நம் உழவர் நலம் அதற்கு அடுத்ததே. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1853இல் தாயகம் திரும்பி, ரெடிங் நகரை அடுத்த கிரேஸ்லியில் குடியேறி, 1872இல் காலமானார்.

இந்தியாவை விட்டுப் புறப்பட்ட அந்த 1853ஆம் ஆண்டில், தம் நூலின் கடைசித் தொகுதியில் அவர் ஒரு காரியம் செய்தார். காட்டு நிழலில் தரையில் வளரும் ஓர் ஆர்க்கிடைப் புதிய பேரினம் எனக் கருதி, அதற்குக் 'கோவிந்தூயா' என்று தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பெயரிடும் உரிமை துரைமார் கையில் இருந்த அக்காலத்தில், சம்பளம் வாங்கிய ஒரு நம்மவர்க்கு இம்மரியாதை கிடைத்தது சிறிதன்று. ஆனால் அது நிலைக்கவில்லை. அச்செடி முன்பே பெயரிடப்பட்ட டிராபிடியா பேரினத்தைச் சேர்ந்தது எனப் பின்னர் முடிவாயிற்று. இன்று கோவிந்துவைத் தேடுவோர், தாவர நூல்களில் டிராபிடியாவின் கீழே, வழக்கொழிந்த பெயர்களுள் ஒன்றாகச் சிறிய எழுத்தில் காணலாம்.