ராபர்ட் சிஷோம்

ராபர்ட் பெல்லோஸ் சிஷோம் (ஜனவரி 11, 1840 – மே 28, 1915) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டிடக்கலைஞர் ஆவார். இந்தோ சரசனிக் பாணியின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் இவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகம் முதலியவற்றை வடிவமைத்தார். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் சீரமைப்பிலும் இவருக்குப் பங்கு உண்டு. மின்விசிறியும் குளிரூட்டியும் இல்லாத காலத்தில், பெரிய கூடங்களுக்குள் காற்று தானாகவே ஓடுமாறு கட்டியவர் என்ற முறையிலும் இவர் இன்று நினைவுகூரப்படுகிறார்.

இளமையும் சென்னை வருகையும்

லண்டனில் பிறந்த சிஷோம் இந்தியாவுக்கு வந்து முதலில் கல்கத்தாவில் பொதுப்பணித் துறையில் பணிபுரிந்தார். சென்னை மாநிலக் கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் நடத்தப்பட்ட வடிவமைப்புப் போட்டியில் வென்றதைத் தொடர்ந்து 1865 இல் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரிக் கட்டிடம் 1870 இல் திறக்கப்பட்டது. அது பெரிதும் இத்தாலியப் பாணியைத் தழுவியது. அப்போது சிஷோம் உள்நாட்டுக் கட்டிடமரபின் பக்கம் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

மதுரையில்

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்தியாவின் தட்பவெப்பத்துக்கு இந்தியக் கட்டிடமுறைகளே ஏற்றவை என்ற கருத்துடையவர். அவர் காலத்தில்தான் திருமலை நாயக்கர் அரண்மனையின் சீரமைப்பு தொடங்கியது. 1636 இல் கட்டப்பட்ட இவ்வரண்மனையின் பெரும்பகுதி முன்பே அழிந்துவிட்டது. சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இதன் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றதாகக் கூறப்படுகிறது. எஞ்சியிருந்த சொர்க்கவிலாசத்தையும் நாடகசாலையையும் சிஷோம் விரிவாக ஆராய்ந்தார். இவ்வரண்மனை குறித்து அவர் எழுதிய கட்டுரை 1876 இல் லண்டனில் பிரித்தானியக் கட்டிடக்கலைஞர் கழகத்தில் அளிக்கப்பட்டது.

கோடையில் மதுரையின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். அவ்வாறான நாட்களிலும் அரண்மனைக்குள் நுழைபவர் வெப்பம் தணிவதை உணரலாம். இதற்குக் காரணங்கள் பல. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பருமனான கட்டுமானம் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்வாங்குகிறது. ஆழ்ந்த தூண்வரிசைகள் நேர்வெயிலைத் தடுக்கின்றன. திறந்த முற்றம் இரவில் வானை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்கிறது. மதுரைச் சமவெளியின் வறண்ட காற்றில் இரவுக்கும் பகலுக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகுதி என்பதால் இம்முறை அங்கு நன்கு பயன்படுகிறது. கூடத்தில் சூடாகும் காற்று எடை குறைந்து உயரமான வளைவுகளுக்கும் குவிமாடத்துக்கும் எழுகிறது. மனிதர் நடமாடும் தரைமட்டத்தில் குளிர்ந்த காற்று தங்குகிறது.

மேலே வெளியேறும் வழி இருந்தால் இந்த எழுச்சியே காற்றோட்டமாகவும் மாறும். உள்ளே வரும் வாயிலுக்கும் வெளியேறும் வாயிலுக்கும் இடையிலான உயரம், உள்-வெளி வெப்பநிலை வேறுபாடு ஆகிய இரண்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இவ்வோட்டம் கூடும். உயரத்தை இருமடங்காக்கினால் காற்று ஏறத்தாழ 1.4 மடங்கே கூடும். எனவே உயரம் மட்டும் போதாது, வழியும் தடையின்றி இருக்கவேண்டும். கணினி வழங்கி அறைகளில் குளிர்காற்று வரும் பாதையையும் சூடான காற்று திரும்பும் பாதையையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அங்கு விசிறிகள் செய்யும் வேலையில் ஒரு பகுதியை இங்கு கட்டிடத்தின் உயரம் செய்கிறது.

சீரமைப்புக்குப் பின் அரண்மனையில் பல்லாண்டுகள் நீதிமன்றம் இயங்கியது. இதனை இத்தாலியக் கட்டிடக்கலைஞர் ஒருவர் வடிவமைத்தார் என்ற செய்தி பரவலாகச் சொல்லப்படினும் அதற்கு உறுதியான சான்று இல்லை.

நேப்பியர் அருங்காட்சியகம்

திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் காலத்தில் கட்டப்பட்டு 1880 இல் நிறைவடைந்த இக்கட்டிடம் நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்குகிறது. திருவனந்தபுரத்தின் காற்று ஈரமானது. இரவிலும் வெப்பம் அதிகம் தணிவதில்லை. ஆகவே பருமனான சுவரும் முற்றமும் மதுரையில் தரும் பயனை அங்கு தருவதில்லை. காற்று நிற்காமல் நகர்வதே அங்கு முதன்மையானது. சிஷோம் மதுரை முறையை அப்படியே கொண்டு செல்லாமல், செங்குத்தான கூரைகளையும் திறப்புகளுள்ள முக்கோண முகப்புகளையும் அமைத்தார். இயற்கையான குளிரூட்டலுக்காக இவ்வருங்காட்சியகம் பெயர்பெற்றது.

இப்பெருமை முழுவதையும் சிஷோமுக்கே அளிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் சரிந்த கூரை, மரச்சட்டச் சாளரம், முகப்புத் திறப்பு ஆகியவை கேரளக் கோயில்களிலும் வீடுகளிலும் அவருக்கு நெடுங்காலம் முன்பே இருந்தவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் இவற்றை இன்றும் காணலாம். பெயர் அறியப்படாத தச்சர்களும் கொத்தனார்களும் வளர்த்த முறையை அரசுக் கட்டிடத்துக்குத் தகுதியானது என ஏற்றுக்கொண்டதே சிஷோமின் பங்களிப்பு எனலாம். அக்காலத்து ஆங்கிலேயப் பொறியாளர்களிடையே அது எளிதில் ஏற்கப்பட்ட கருத்தன்று.

பிற பணிகள்

செனட் மண்டபம் 1874 – 1879 காலப்பகுதியில் கட்டப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனையின் விரிவாக்கம், சென்னைத் தலைமை அஞ்சலகம், விக்டோரியா பொது மண்டபம், உதகமண்டலத்தின் நீலகிரி நூலகம் ஆகியவையும் இவருடையவை. சென்னைத் தொழிற்கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றினார்.

பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் மாண்ட், கட்டுமானம் முடியுமுன் 1881 இல் இறந்தார். அப்பணியைச் சிஷோம் ஏற்று 1890 இல் நிறைவு செய்தார்.

இறுதிக்காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பிய இவர், லண்டன் சுலோன் தெருவருகே ஒரு தேவாலயத்தை வடிவமைத்தார். 1915 இல் காலமானார். அத்தேவாலயம் 2004 முதல் கடோகன் ஹால் என்னும் இசையரங்காக இயங்கி வருகிறது.