ஏர்லிக் கண்ட கலம்

என் மகள்வயிற்றுப் பேரனுக்கு ஆறாம் மாதத்தில் நெஞ்சிலும் முதுகிலும் கபில நிறப் புள்ளிகள் தோன்றின. கிரந்தி என்றார் சிலர். தாய் உண்ட பண்டத்தின் சூடு என்றார் வேறு சிலர். மகளோ தன்னையே நொந்து அழுதாள். தோல் வைத்தியர் புள்ளியொன்றை மெல்லத் தேய்த்தார். சில நிமிடங்களில் அது சிவந்து தடித்தது. 'மாஸ்ட்' கலங்கள் அவ்விடத்தே மிகுந்திருப்பதே காரணமென்றும், தாய்மீது பிழையில்லையென்றும், குழந்தைகளுக்கு வரும் இந்நோய் பெரும்பாலும் வளர வளரத் தணியுமென்றும் கூறினார்.

சொல்லின் வேர் தேடுதல் என் தொழிற்பழக்கம். அப்பெயரை இட்டவர் யாரெனத் தேடிப் போல் ஏர்லிக் என்னும் ஜேர்மானியரை அறிந்தேன்.

அவர் 1854 இல் சிலேசியாவின் ஸ்ட்ரேலென் என்னும் சிற்றூரிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தாய்வழி உறவினர் கார்ல் வைகேட் நுண்ணுயிர்களுக்குச் சாயமூட்டிப் பார்த்தவர். அச்சாயப் பித்து இவரையும் பற்றிக்கொண்டது. மாணவப் பருவத்தில் இவருடைய மேசையெங்கும் சாயக்கறையே என்பர். 1878 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டிலே, உடலின் இழையங்களிற் சில கலங்கள் சிறுமணிகளால் நிறைந்திருப்பதையும், அம்மணிகள் இட்ட சாயத்தின் நிறத்தைவிட்டு வேறு நிறங் கொள்வதையும் காட்டினார். மணிகளை அவர் உணவுச் சேமிப்பென்று கருதினார். கால்நடையைக் கொழுக்க ஊட்டுதலை ஜேர்மன் மொழி 'மாஸ்ட்' என்னும். ஆகவே, கொழுத்த கலம்!

கண்டது மெய், கருதியது பிழை. அம்மணிகளில் ஹிஸ்டமின் உண்டென்பதை 1953 இல் ரைலி, வெஸ்ட் என்னும் இருவர் நிறுவினர். தேய்த்த இடம் தடிப்பது அது வெளிப்படுவதனாலேயே. காரணப்பெயராய்ப் பிறந்தது காரணங் கெட்டு இடுகுறியாய் நின்றுவிட்டது. எம்மொழிக்கும் இது புதிதன்று.

இத்தோல்நோயை இங்கிலாந்திலே நெற்றில்ஷிப் 1869 இலேயே விவரித்திருந்தார். அப்புள்ளிகளுள் ஏர்லிக்கின் கலங்கள் திரண்டிருப்பதை 1887 இற் கண்டவர் ஹம்பேர்க் நகரத்து உன்னா. ஏர்லிக்கோ சாயத்தின் பின்னேயே சென்றார். இடையிற் காசநோயுற்று எகிப்து சென்று தேறினார். சாயம் ஒரு கலத்தைத் தேர்ந்து பற்றுமாயின், மருந்தும் ஒரு கிருமியைத் தேர்ந்து பற்றாதோ என்பதே அவர் வினா. 1908 இல் நோபல் பரிசு பெற்றார். அது அவருடைய நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக. வினாவுக்கு விடையாக மேகநோய்க்குரிய சல்வர்சான் 1910 இல் வெளிவந்தது. 1915 இல் மறைந்தார்.

பேரனுக்கு இப்பொழுது நான்கு வயது. புள்ளிகள் மங்கி வருகின்றன. குளித்தபின் துவாயால் ஒற்றித்தான் எடுக்கிறோம், சுடுநீர் வார்ப்பதில்லை.