ஜான் மியூர்

1838-ம் வருஷம் ஸ்காட்லாந்து தேசத்து டன்பார் நகரில் ஜனித்த ஜான் மியூர், 1849-ல் தந்தையாருடன் அமெரிக்காவிற் குடியேறினார். 1867-ல் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கையில், கையிலிருந்த அரம் தவறி வலக்கண்ணிற் பாய, மற்றக் கண்ணும் உடன் மங்கிற்று. இருட்டறையிற் சில வாரங்கள் கிடந்து பார்வை மீளப்பெற்றவர், இனி ஆண்டவனுடைய சிருஷ்டியைக் காண்பதே தம் தொழிலெனத் துணிந்தார்.

மறு வருஷம் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை அடைந்தார். அம்மலைகளில் ஆட்டுமந்தைகள் பூஞ்செடிகளை மேய்ந்தொழிக்க, அவற்றை அண்டிய தேனீக்களும் குன்றுவதைக் கண்டு, பத்திரிகைகளில் எழுதலானார். பெரும்பாலும் அவர் முயற்சியாலேயே 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஏற்பட்டது.

ஆயினும், அதனுள்ளிருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தாரின் தண்ணீருக்காக அணை கட்ட 1913-ல் சட்டம் நிறைவேறிற்று. அதனை எதிர்த்துப் பல்லாண்டு போராடிய மியூர் 1914-ல் காலமானார். அவர் கண்ணொளி மீண்டது. நீரில் மூழ்கிய அப்பள்ளத்தாக்கோ இன்றளவும் மீளவில்லை. வனங்களை உள்ளபோதே காத்தல் வேண்டும்.