இடக்கைக் கிதார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்

நம் சங்க மலரில் இசைவாணர் வரலாறு எழுதப் புகுவோர் திருவையாற்றையோ எட்டயபுரத்தையோ நாடிச் செல்வதே வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, அமெரிக்க நாட்டிற் பிறந்து 27 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஒருவரின் கதையை ஈண்டுக் கூறத் துணிந்தேன். நம் வீட்டு இளைஞரின் அறைச் சுவர்களில் அவர் படத்தைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். சிலிர்த்த தலைமயிரும் பலவண்ண உடையுமாய், கிதாரைத் தலைகீழாய்ப் பிடித்து நிற்கும் அவ்வுருவத்தைக் கண்டு முகஞ்சுளித்தும் இருப்பர். யானும் சுளித்தவனே. கிதார் ஏன் தலைகீழாய் இருக்கிறது என்று ஒருநாள் ஓர் இளைஞரிடம் கேட்டறிந்த பின்னரே அச்சுளிப்பு நீங்கிற்று.

வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் 1942ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள் ஜிமி பிறந்தார். கருப்பினத்து ஏழைக் குடும்பம். தந்தை ஆல் ஹெண்ட்ரிக்ஸ் அப்பொழுது படைப்பணியில் இருந்தார். தாய் லூசிலுக்கு வயது 17. பிறந்தபோது இட்ட பெயர் ஜானி ஆலன். போர் முடிந்து திரும்பிய தந்தை 1946இல் அதனை ஜேம்ஸ் மார்ஷல் என மாற்றினார். பெற்றோரிடையே பிணக்கு மிகுந்து 1951இல் மணவிலக்கில் முடிந்தது. 1958இல் தாயும் மறைந்தார். மகனுக்கு அப்பொழுது வயது 15.

பள்ளி நாட்களில் அச்சிறுவன் துடைப்பம் ஒன்றைக் கையில் ஏந்தி, அதனையே கிதாராகப் பாவித்து மீட்டித் திரிவான். அதைக் கண்டு மனமிரங்கிய பள்ளியின் சமூகப் பணியாளர் ஒருவர், இவனுக்கு ஒரு கிதார் வாங்கப் பொருளுதவி வேண்டினார், கிட்டவில்லை. பின்னர்த் தந்தையோடு ஒரு மூதாட்டியின் வீட்டைத் துப்புரவு செய்யச் சென்ற இடத்தில், கழிபொருட்களினிடையே யூக்கலேலி என்னும் சிறு கருவி ஒன்று அகப்பட்டது. அதில் எஞ்சியிருந்தது ஒரே தந்தி. அவ்வொரு தந்தியில் அவன் வானொலிப் பாட்டுக்களை வாசிக்கப் பழகினான். 1958இல் 5 டாலர் விலையில் பழைய மரக்கிதார் ஒன்று வாய்த்தது. மறு ஆண்டு தந்தை ஒரு மின்கிதாரே வாங்கித் தந்தார். அது அரங்கொன்றின் பின்புறம் ஓரிரவு வைத்திருந்தபோது களவு போயிற்று.

சிறுவன் இடக்கைப் பழக்கம் உடையவன். இடக்கையால் எழுதுவதும் வாசிப்பதும் பேயின் அடையாளம் என்று தந்தை கருதினார் என்பர் குடும்பத்தார். நொட்டாங்கையால் சோற்றைத் தொட்டதற்காக அடிவாங்கிய பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. ஆதலின் அத்தந்தையைப் பழிக்க நமக்கு வாயில்லை. மகன் ஒரு வழி கண்டான். தந்தை வீட்டில் இருக்கும்போது வலக்கையால் வாசித்தான். அவர் அகன்றதும் கிதாரைத் திருப்பிக்கொண்டான். இருபுறமும் வாசிக்கும் ஆற்றல் இவ்வாறு அச்சத்தினாலே விளைந்தது.

களவாடப்பட்ட மோட்டார் வண்டிகளில் இருமுறை பிடிபட்டதால், சிறையா படையா என்ற நிலை ஏற்பட்டது. 1961இல் படையிற் சேர்ந்து, வானூர்தியிலிருந்து குடையுடன் குதிக்கும் 101ஆம் பிரிவில் பயிற்சி பெற்றார். ஊரிலிருந்து கிதாரை அனுப்புமாறு தந்தைக்கு எழுதினார். முகாமில் அவர் வாசிப்பதை வெளியே நின்று கேட்டு உள்ளே வந்த பில்லி காக்ஸ் என்னும் வீரர் வாழ்நாள் நண்பரானார். 1962இல் படையினின்று விடுவிக்கப்பட்டார். குதிக்கையில் கணுக்கால் முறிந்ததே காரணம் என்று அவர் சொல்லி வந்தார். படைப் பதிவேடுகளோ, பணியில் அவர் மனம் பொருந்தவில்லை என்கின்றன. இரண்டாவதே உண்மைக்கு அண்மையது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த நான்கு ஆண்டுகள் பிழைப்புக்காக அலைந்த ஆண்டுகள். ஐஸ்லி சகோதரர், லிட்டில் ரிச்சர்ட் முதலிய புகழ்பெற்ற பாடகர்களின் பின்னே நின்று வாசித்தார். பாடகர் மீது விழவேண்டிய ஒளி பின்னே நிற்பவன் மீது விழுந்தால் தலைவர் பொறுப்பரோ? இடம் மாறிக்கொண்டே இருந்தார். கையில் காசில்லாத நாட்களில் கிதார் அடகுக் கடைக்குப் போய் மீண்டது. 1966இல் நியூயார்க்கின் சிற்றுண்டி விடுதி ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவரைச் சாஸ் சாண்ட்லர் என்னும் ஆங்கிலேய இசைவாணர் கேட்டு வியந்து, அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் இலண்டனுக்கு அழைத்து வந்தார். நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் என்னும் இருவரோடு மூவர் குழு அமைந்தது. ஓராண்டு கழியுமுன் இங்கிலாந்து முழுவதும் அவர் பெயர் பரவிற்று.

அவர் கையில் இருந்த கருவியைப் பற்றி இங்குச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் அக்கிதார் 1954இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவரின் தொழிற்சாலையில் வெளிவந்தது. பெண்டர் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துத் தொழில் தொடங்கியவர். கிதார் வாசிக்க அறியாதவர்! வீணைக்குக் குடம் இருப்பதுபோல் இதற்கு நாதத்தைப் பெருக்கும் உட்குழிவு இல்லை. உடல் கெட்டியான மரக்கட்டை. தந்திகளின் அடியில் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட மூன்று பிக்கப்புகள் உள்ளன. உருக்குத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்க, ஒலிபெருக்கி அதனை நாதமாக்குகிறது. குதிரைக்கு அண்மையிலுள்ள பிக்கப் சாய்வாகப் பதிக்கப்பட்டது. மெல்லிய தந்திகளின் ஒலியைக் குதிரையருகே எடுத்துக் கூர்மையாகவும், தடித்த தந்திகளின் ஒலியைச் சற்றுத் தள்ளி எடுத்துக் கனமாகவும் தருவதற்கான ஏற்பாடு அது.

இடக்கையாளருக்கென்று செய்த கிதார்களும் உண்டு. எனினும் ஜிமி பெரும்பாலும் வலக்கைக் கிதாரையே வாங்கி, தலைகீழாய்த் திருப்பி, தடித்த தந்தி மேலேயே இருக்குமாறு தந்திகளை மாற்றிக் கட்டினார். இதனால் பிக்கப்பின் சாய்வும் எதிர்மாறாயிற்று. தடித்த தந்திகள் கூர்மை பெற்றன. மெல்லிய தந்திகள் மென்மை பெற்றன. கீழே இருக்கவேண்டிய திருகு குமிழ்கள் மேலே வந்தன. மேலே நோக்கவேண்டிய பிரடைகள் இவரிடத்துக் கீழ்நோக்கித் திரும்பி நின்றன. பெண்டர் கருதாத ஒரு கருவி, பெண்டரின் கருவிக்குள்ளிருந்தே பிறந்தது.

வீணை வாசிப்போர் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதை நாம் அறிவோம். கிதாரிலும் அவ்வாறே தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தலாம். இக்கருவியில், குதிரையோடு இணைந்த உலோகக் கோலை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருங்கே தளர்ந்து சுரம் கீழிறங்கும். ஒலிபெருக்கியை முழு வலிமையில் வைத்து அதன் எதிரே நின்றால், அதன் ஓசையே தந்தியை மீண்டும் அதிரச் செய்து, விரல் படாமலே நாதம் நீளும். பிறர் குறையென்று அஞ்சி விலக்கிய இவ்வூளையை ஜிமி சுருதி பிசகாது ஆண்டார். அவர் பயன்படுத்திய பெரிய ஒலிபெருக்கிகளைச் செய்தவர் பெயரும் ஜிம் மார்ஷல் என்பது ஒரு வேடிக்கையான பெயர்ப் பொருத்தம்.

1967 சூன் 18ஆம் நாள் கலிபோர்னியாவின் மாண்டெரே நகர் விழாவில், வாசிப்பின் முடிவில் தம் கையால் ஓவியந் தீட்டிய கிதார் ஒன்றை மேடையிற் கிடத்தி எண்ணெய் ஊற்றித் தீயிட்டார். அதற்குமுன் மார்ச்சுத் திங்களில் இலண்டனில் இதே செயலைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டு மருத்துவமனைக்கும் போயிருந்தார். உலகம் அவரை இன்றும் நினைப்பது பெரும்பாலும் இந்நெருப்பினால்தான். கலைமகள் பூசையன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கும் நமக்கு இது பொறுக்கத்தக்கதன்று. எனக்கும் இன்றுவரை பொறுக்கவில்லை. ஐந்து டாலர் கிதாருக்கு ஏங்கியவர் இதைச் செய்தாரே என்ற வருத்தம் எஞ்சுகிறது. ஆயினும் தீ மூட்டுவதற்கு முன் அன்று வாசித்ததைக் கேட்டவர், தீயைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

அவர் பெருமையை அறிய விரும்புவோர் 1969 ஆகஸ்டு 18ஆம் நாள் காலையை நோக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்து வுட்ஸ்டாக் விழா இலட்சக்கணக்கானோர் கூடிய பெருவிழா. இறுதியாக வாசிக்க வேண்டியவர் ஜிமி. மழையினாலும் தாமதத்தினாலும் அவர் முறை வருவதற்குள் திங்கட்கிழமை விடிந்துவிட்டது. கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்து போயிற்று. சேற்றில் எஞ்சி நின்றோர் முன்னே, வெண்ணிற ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தம் நாட்டுப் பண்ணைத் தனியே வாசித்தார். அமெரிக்கா வியட்நாமில் போரிட்ட காலம் அது. பண்ணின் இடையிடையே குண்டு வீழும் ஓசையும் ஊளைச் சங்கின் ஒலியும் மக்களின் ஓலமும் அந்த ஆறு தந்திகளிலிருந்தே எழுந்தன. வேறு கருவி எதுவும் அவற்றைச் செய்யவில்லை. பின்னே நின்ற குழுவில் பழைய படைத்தோழர் பில்லி காக்சும் இருந்தார். நாட்டுப் பண்ணை இழிவு செய்தார் என்று சினந்தோர் பலர். சில நாட்கள் கழித்துத் தொலைக்காட்சியில் இதுபற்றி வினவியபோது, தமக்கு அது அழகாகவே தோன்றியதாக அவர் அமைதியாய் விடையளித்தார். முன்னாள் படைவீரர் ஒருவர் அளித்த விடை என்பதை நாம் மறத்தலாகாது.

நியூயார்க்கில் தமக்கென ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டுவித்தார். 1970 ஆகஸ்டு 26ஆம் நாள் அதன் திறப்பு விழா நடந்தது. அதன்பின் ஒரு திங்களும் அவர் உயிரோடு இல்லை. செப்டம்பர் 18ஆம் நாள் இலண்டனில், தூக்க மாத்திரைகளை அளவின்றி உட்கொண்ட நிலையில், உறக்கத்தினிடையே வாந்தியெடுத்து மூச்சடைத்து இறந்தார். விசாரணை அதிகாரி உறுதியான முடிவு எதுவும் கூறாமல் வழக்கை முடித்தார். உடல் சியாட்டிலை அடுத்த ரெண்டன் நகரில் அடக்கஞ் செய்யப்பட்டது.

உயில் எழுதாது மறைந்ததால் உடைமை தந்தைக்கு வந்தது. ஆனால் பாடல்களின் உரிமை பிறர் கைக்குப் போயிற்று. தோட்ட வேலை செய்து வாழ்ந்த அம்முதியவர் நீதிமன்றம் ஏறி, 1995இல் மகனுடைய இசையின் உரிமையை மீட்டார். 2002இல் அவரும் மறைந்தார்.

வுட்ஸ்டாக்கில் ஒலித்த வெண்கிதார் மிட்ச் மிட்செலிடம் இருந்தது. 1990இல் இலண்டனில் ஏலத்திற்கு வந்து 1,98,000 பவுனுக்கு விலைபோயிற்று. பின்னர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பால் ஆலன் அதனை வாங்கி, 2000ஆம் ஆண்டில் தாம் திறந்த இசை அருங்காட்சியகத்தில் வைத்தார். அக்கூடம் அமைந்துள்ளது, சிறுவன் ஒருவன் துடைப்பத்தை மீட்டித் திரிந்த அதே சியாட்டில் நகரில்.