சொல்லோடு பொருளையும் காட்டிய ஆசான் கொமேனியஸ்

நாம் மே 16ஆம் தேதி ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் அந்த நாள் மார்ச் 28. யான் ஆமோஸ் கொமேனியஸ் என்ற பள்ளி ஆசிரியரின் பிறந்த நாள் அது. செக் நாட்டின் 200 கொருனா நோட்டிலும் அவர் முகம்தான் இருக்கிறது. அவர் இறந்து 350 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளை இன்று வகுப்பில் படும் ஒரு சிரமத்துக்கு அவர் அன்றே வழி தேடியிருக்கிறார்.

அந்தச் சிரமம் பெற்றோர் பலரும் கண்டதுதான். பிள்ளை பாடத்தைத் தடுமாறாமல் வாசிப்பான். வாசித்தது என்ன என்று கேட்டால் விழிப்பான். வகுத்தல் வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கும். அதே வகுத்தல் நான்கு வரிப் பிரச்சனைக் கணக்காக வந்தால் கூட்டுவதா, வகுப்பதா என்று தெரியாது. கருத்துணர்தல் என்பதை மொழிப் பாடத்தின் வேலையாக மட்டும் நாம் ஒதுக்கிவிட்டோம். அது எல்லாப் பாடத்துக்கும் உரிய வேலை என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் நூல்களாக எழுதிக் காட்டியவர் கொமேனியஸ்.

1592ஆம் ஆண்டு, இன்றைய செக் நாட்டின் மொராவியா பகுதியில் அவர் பிறந்தார். குடும்பம் சகோதரர் சபை என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. பன்னிரண்டு வயதளவில் தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். அதனால் படிப்பு தடைப்பட்டது. லத்தீன் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. உடன் படித்தவர்களை விட மூத்தவர்.

அப்படித் தாமதமாகச் சேர்ந்ததே ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சிறு பிள்ளைகள் பிரம்படிக்குப் பயந்து லத்தீன் இலக்கண விதிகளை ஒப்பிப்பதை, விவரம் தெரிந்த வயதில் அவர் நேரில் பார்த்தார். புரியாத மொழியின் விதியை அதே புரியாத மொழியில் மனனம் செய்ய வைத்தார்கள். சொல் வாயில் இருந்தது. அது குறிக்கும் பொருள் மனத்தில் இல்லை. பள்ளிக்கூடம் இப்படி இருக்கக்கூடாது என்ற எண்ணம் அவருக்குள் அங்கேதான் வேர்விட்டது.

பிறகு ஜெர்மனியில் ஹெர்போன், ஹைடல்பெர்க் நகரங்களில் உயர்கல்வி கற்றார். ஹைடல்பெர்க்கில் கையில் இருந்த பணத்தைக் கொடுத்து, வானியல் அறிஞர் கொப்பர்னிக்கஸ் எழுதிய நூலின் கையெழுத்துப் பிரதியை வாங்கினார். வழிச் செலவுக்குப் பணமில்லாமல் ஊருக்கு நடந்தே திரும்பினார். 1618இல் ஃபுல்நெக் என்ற ஊரில் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் பொறுப்பேற்றார்.

அதே ஆண்டில்தான் ஐரோப்பாவை உலுக்கிய முப்பது ஆண்டுப் போர் தொடங்கியது. 1620இல் பிராகா நகருக்கு அருகே நடந்த வெள்ளை மலைப் போரில் அவர் தரப்பு தோற்றது. மறு ஆண்டு படைகள் ஃபுல்நெக்கைச் சூறையாடின. அவர் சேர்த்து வைத்திருந்த நூல்கள் அழிந்தன. உயிருக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த காலத்தில், 1622இல், மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் கொள்ளைநோயில் இறந்தார்கள். 1628இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, போலந்தின் லெஷ்னோ நகரில் தஞ்சம் புகுந்தார். அதன்பின் அவர் சொந்த மண்ணில் குடியேறவே முடியவில்லை.

வேறொருவராக இருந்தால் ஒடிந்து போயிருப்பார். கொமேனியஸ் லெஷ்னோ பள்ளியில் ஆசிரியராகி, பாடநூல் எழுத உட்கார்ந்தார். நாடு என்றாவது திரும்பக் கிடைத்தால் அதைப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் மீண்டும் கட்ட வேண்டும் என்று அவர் நம்பினார்.

1631இல் வெளிவந்த நூல் அவரை ஐரோப்பா முழுதும் அறியச் செய்தது. மொழிகளின் கதவைத் திறந்து வைப்பது என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டார். லத்தீன் கற்பிக்கும் நூல்தான். ஆனால் இலக்கண விதியில் தொடங்கவில்லை. சுமார் 8,000 சொற்களை எடுத்து, ஏறக்குறைய 1,000 வாக்கியங்களாக்கி, 100 தலைப்புகளில் அடுக்கினார். நெருப்பு, நீர், மரம், மனித உடல், உழவு, கைத்தொழில், வீடு, நகரம், கணக்கு, நன்னெறி எனத் தலைப்புகள் விரிந்தன. பிள்ளை மொழியைக் கற்கும்போதே உலகத்தையும் கற்றான். ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு பொருளைப் பற்றியது. அந்தப் பொருள் ஏதோ ஒரு பாடத்துக்குரியது. பக்கத்திலேயே தாய்மொழியும் இருந்தால், அறிந்த சொல்லிலிருந்து அறியாத சொல்லுக்குப் பிள்ளை தானாக நடந்து போவான். இந்த நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

பெரிய அளவில் அவர் எழுதிய கல்வி நூலில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஏழை, பணக்காரன், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டும் என்றார். ஆறு வயது வரை தாயின் மடியே பள்ளி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தாய்மொழிப் பள்ளி. அதன் பிறகே பிறமொழி. தாய்மொழியில் பொருள் விளங்காத பிள்ளைக்கு வேற்று மொழியில் விளக்கம் சொல்வதில் பயனில்லை என்பது அவர் கருத்து. தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, 17ஆம் நூற்றாண்டில் ஓர் அகதி ஆசிரியர் சொன்ன இந்தக் கருத்து யோசிக்கத் தக்கது.

புகழ் பரவியதும் அழைப்புகள் வந்தன. 1641இல் லண்டன் போனார். அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பிறகு ஸ்வீடன் நாட்டுப் பள்ளிகளுக்காகப் பாடநூல்கள் எழுதினார். 1648இல் முப்பது ஆண்டுப் போர் ஓய்ந்தது. ஆனால் சமாதான உடன்படிக்கையில் அவருடைய மக்கள் ஊர் திரும்ப இடம் கிடைக்கவில்லை.

1650இல் ஹங்கேரியின் சாரோஷ்படாக் நகரப் பள்ளியைச் சீர்திருத்த அழைத்தார்கள். அங்கே அவருக்கு ஒரு பாடம் காத்திருந்தது. ஐரோப்பாவே கொண்டாடிய அவருடைய நூல், அங்கிருந்த மாணவர்கள் பலருக்கு எட்டவில்லை. பிள்ளைகள் மந்தம் என்று அவர் கையை உதறவில்லை. தம் நூலில்தான் ஒரு படி குறைகிறது என்று எடுத்துக்கொண்டார். நூலில் இருந்த செய்திகளை நாடகங்களாக மாற்றி மாணவர்களையே நடிக்க வைத்தார். இன்னும் கீழே இறங்கி, சிறு பிள்ளைகளுக்காக ஒரு படநூலைத் திட்டமிட்டார். படங்களைச் செதுக்கத் தேர்ந்த ஆள் அங்கே இல்லாததால் அது ஜெர்மனியின் நூரம்பெர்க் நகருக்குப் போய், 1658இல் அச்சேறியது. காணும் உலகைப் படமாகக் காட்டும் அந்த நூலைப் பிள்ளைகளுக்கான படநூல்களின் முன்னோடி என்று கல்வி வரலாறு போற்றுகிறது.

அந்த நூலின் அமைப்பு எளிமையானது. மொத்தம் 150 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் போட்டிருக்கும். கீழே உள்ள வாக்கியத்தில் அதே எண் அதே சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கம் லத்தீன், மறுபக்கம் தாய்மொழி. ரொட்டி சுடுபவர் பாடத்தை எடுத்துக்கொண்டால், மாவு சலிப்பது, தண்ணீர் ஊற்றிப் பிசைவது, உருட்டுவது, அடுப்பில் வைப்பது என்று வேலை நடக்கும் வரிசையிலேயே வாக்கியங்கள் வரும். வாசிக்கும் பிள்ளையின் விரல் சொல்லிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து படத்துக்கும் போய்வரும். எழுத்து கற்பிக்கும் பக்கத்திலும் இதே முறைதான். காகம், ஆடு, வாத்து எனப் பிள்ளைக்குத் தெரிந்த உயிர்களின் குரலோடு எழுத்தின் ஒலியை இணைத்தார்.

தோட்டம், தச்சுப்பட்டறை, அச்சுக்கூடம், வடிவியல், கிரகணம், அளவைகள், வாணிகம், நீதிமன்றம் என எல்லாப் பாடமும் அந்த ஒரே நூலில் இருந்தன. பிள்ளைகள் படங்களைப் பார்த்துத் தாங்களும் வரையட்டும், முடிந்தால் நிஜப் பொருளையே கையில் கொடுத்துக் காட்டுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டே ஆங்கிலப் பதிப்பு வந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். ஜெர்மானியக் கவிஞர் கதேயும் சிறுவயதில் படித்தவர்.

அந்த நூல் அச்சேறுவதற்கு முன்பே இன்னோர் இடி விழுந்துவிட்டது. ஹங்கேரியிலிருந்து லெஷ்னோ திரும்பியிருந்தவர், போலந்தின் மீது படையெடுத்த ஸ்வீடன் மன்னரைப் புகழ்ந்து எழுதினார். அது போலந்துக்காரர்களின் சினத்தைத் தூண்டியது. 1656இல் லெஷ்னோ எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சொல் சொல்லாகச் சேர்த்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் படி சாம்பலானது. பிற்காலத்தில் சில போலித் தீர்க்கதரிசனங்களை நம்பி அச்சிட்டுக் கண்டனத்துக்கும் ஆளானார். பெரிய மனிதர்தான், ஆனால் தவறே செய்யாதவர் அல்ல.

கடைசிக் காலத்தை ஆம்ஸ்டர்டாம் நகரில் கழித்து, 1670 நவம்பர் 15ஆம் தேதி, 78ஆம் வயதில் காலமானார். உடல் நார்டன் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் முடிக்காமல் விட்ட பெரும் நூலின் கையெழுத்துப் படிகள் 1930களில் ஜெர்மனியின் ஹாலே நகரில் கிடைத்தன. தமிழருக்கும் அந்த இடத்தோடு தொடர்பு உண்டு. தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் அச்சுப்பணி தொடங்கிய சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். கொமேனியஸின் ஏடுகளைக் காத்த அதே நிறுவனம் தமிழ்ப் பனையோலைச் சுவடிகளையும் காத்து வருகிறது.

அவர் சொன்னதை நம் வீட்டுக்குக் கொண்டு வருவோம். பால்மரத் தோட்டத்தில் வாளி சுமந்த பாட்டிக்குக் கொள்ளளவு என்பது தோளை அழுத்திய பாரம். பேரப்பிள்ளைக்கு அது கணிதப் புத்தகத்தில் உள்ள ஒரு சொல், அவ்வளவே. ஒரு வாளியும் ஒரு குவளையும் எடுத்து, தண்ணீரை அளந்து ஊற்றச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்துவிடும். ஆவியாதல் என்று அறிவியல் நூலில் வாசித்த பிள்ளையைக் கொதிக்கும் கெண்டிக்குப் பக்கத்தில் சற்றுத் தள்ளி நிறுத்திக் காட்டலாம். பிரச்சனைக் கணக்கைப் போடும் முன் அதைப் படமாக வரையச் சொல்லலாம். வரைய முடியாவிட்டால், பிள்ளை தடுமாறுவது கணக்கிலா வாக்கியத்திலா என்பது அப்போதே தெரிந்துவிடும். வரலாற்றுப் பாடத்தில் ஊர்ப் பெயர் வந்தால் வரைபடத்தில் விரல் வைக்கச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் தங்கள் பாடத்தின் சொற்களைத் தாங்களே வாசிக்கக் கற்பித்தால் போதும். பெற்றோர் மாலையில் பத்து நிமிடம் கூட உட்கார்ந்து, இந்தச் சொல் எதைக் குறிக்கிறது, காட்டு பார்க்கலாம் என்று கேட்டால் போதும். வீடும் நாடும் நூலகமும் இழந்த ஒருவர் கடைசிவரை கைவிடாமல் செய்த வேலை அதுதான்.