உடற்பயிற்சித் துறையின் முன்னோடி ஹாரி குரோ பக்

பந்தாடுதல் வீண்பொழுது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவ்வாட்டத்தையே கல்வியாக்கி, அதற்கென ஒரு கல்லூரியும் கண்ட பெருமகனார் ஹாரி குரோ பக்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1884-ஆம் ஆண்டு பிறந்த அன்னார், ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் பயின்றார். 1891-இல் கூடைப்பந்தாட்டம் தோன்றியதும் அங்கேதான். 1919-இல் சென்னை வந்து, மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் மாணாக்கர் ஐவரே! ஆயினும் அவர் தளர்ந்தாரில்லர். ஆட்டக்காரரை மட்டுமன்றி, பள்ளிதோறும் ஆட்டம் பயிற்றும் ஆசிரியரையும் உருவாக்க முனைந்தார். அப்பள்ளியே பின்னர் கல்லூரியாக உயர்ந்து, அடையாற்றங்கரையில் நிலைபெற்றது.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாகவும் துணைநின்றார். 1943-இல் சென்னையிலேயே காலமானார்.

நெய்யாற்றங்கரை, பாறசாலைப் பகுதிகளில் வாழும் நாமும் பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்தவர்களின் வழியினரே. வந்த மண்ணைத் தம் மண்ணாகக் கொண்டு உழைத்த அப்பெரியாரை நினைப்போம். மாலை ஒரு மணி நேரமேனும் நம் பிள்ளைகளை, சிறுமியரையும் சேர்த்தே, விளையாட விடுவோமாக!